மலையை மறைக்காதே!

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று இரவு எட்டு மணிக்கு, ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குக் கிழக்கே ஒரு மலைச்சரிவில் தீ மூட்டப்படுகிறது. 75 இடங்களில் அடுக்கிய விறகு ஒன்றாகப் பற்றி எரியும்போது, 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து இருட்டில் துலங்குகிறது. அதன் குறுக்குக்கோடு மட்டும் 80 மீட்டர். மிக நீண்ட கோடு 160 மீட்டர். அடுத்தடுத்து வடக்கு, மேற்கு மலைகளிலும் எழுத்துகள், ஒரு படகு, ஒரு ஷிண்டோ ஆலயத் தோரணம் எனத் தீ வடிவங்கள் எழுகின்றன. 'ஓபோன்' நாட்களில் வீடு வந்து தங்கிய முன்னோரை வழியனுப்பும் தீ இது. ஊரே ஆற்றங்கரைக்கும் மொட்டைமாடிக்கும் வந்து நின்று கும்பிடுகிறது. கட்டடங்கள் மலையை மறைத்துவிட்டால், இறந்தவர்களுக்கு விடைகொடுக்க நிற்கும் இடமே போய்விடும்.

794-இல் தலைநகரமாக அமைக்கப்பட்ட கியோட்டோவுக்குக் கிழக்கே ஹிகாஷியாமா, வடக்கே கிதாயாமா, மேற்கே நிஷியாமா என மூன்று பக்கமும் மலை. தெற்கு மட்டும் திறந்த வெளி. தெருக்கள் நேர்கோட்டில் போடப்பட்டதால், வடக்கு நோக்கி நடந்தால் தெருமுனையில் மலை வந்து நிற்கும். கடைத்தெருவில் நிற்பவருக்கும் திசைகாட்டி அதுதான்.

மலையை வெறுமனே பார்ப்பதோடு கியோட்டோக்காரர்கள் நிற்கவில்லை, தோட்டத்துக்குள்ளேயே அழைத்துக்கொண்டார்கள். தொலைவில் உள்ள மலையைத் தோட்டத்தின் ஓர் அங்கமாகச் சேர்த்து வடிவமைக்கும் இந்தக் கலைக்கு 'ஷக்கெய்' என்று பெயர். அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நகரின் வடக்கே உள்ள என்ட்சூ-ஜி ஆலயத்துக்குப் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் முடிதுறந்த பேரரசர் கோ-மிசுனோ மாளிகை அமைத்திருந்த இடம் அது, 1678-இல் ஆலயமானது. முன்னால் பாசி படர்ந்த தரையும் தாழ்ந்த கற்களும். அதற்கப்பால் கத்தரித்துவிட்ட பச்சை வேலி. வேலிக்குப் பின்னால் தூண்களைப் போல நெடுமரங்கள். அந்த மரங்களின் இடைவெளியில், 848 மீட்டர் உயர ஹியெய் மலை. தோட்டத்தின் எல்லைக்குள் இருப்பவை கல்லும் பாசியும் செடியும்தான். அதன் உயிர் கிலோமீட்டர்கள் தள்ளி இருக்கிறது. இடையில் உள்ள நிலமோ ஆலயத்துக்குச் சொந்தமில்லை. அங்கே யாரோ ஒருவர் எழுப்பும் ஒற்றைக் கூரை போதும், மூன்றரை நூற்றாண்டுத் தோட்டம் பாழாக.

இந்த ஆபத்தை நகரம் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. 1930-இலேயே மலைச்சரிவுகள் 'இயற்கை அழகு வட்டாரங்கள்' என அறிவிக்கப்பட்டன. இருந்தாலும் 1964-இல், அறிஞர்கள் பலர் எதிர்த்தும், ரயில் நிலையத்துக்கு எதிரே 131 மீட்டர் கியோட்டோ கோபுரம் எழுந்துவிட்டது. அப்போது கட்டட உயர வரம்பு 31 மீட்டர்தான். கீழே உள்ள கட்டடம் வரம்புக்குள் அடங்கியது. அதன் உச்சியில் நட்ட 100 மீட்டர் கோபுரத்தைச் சட்டம் 'கட்டடம்' என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதே காலத்தில் கியோட்டோவின் நராபிகாஓகா குன்றுகளில் ஹோட்டல் கட்டும் திட்டம் கிளம்பியது. கிழக்கு ஜப்பானில், இன்னொரு பழந்தலைநகரமான காமாகுராவில் ஹச்சிமான் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள மலையை வெட்டி வீட்டுமனை போட முனைந்தார்கள். நாவலாசிரியர் ஒசராகி ஜிரோவும் ஊர் மக்களும் அதை எதிர்த்து நின்றார்கள். பணம் திரட்டி நிலத்தையே வாங்கினார்கள். அந்தக் கொந்தளிப்பிலிருந்து 1966-இல் பழந்தலைநகரங்களைப் பாதுகாக்கும் சட்டம் பிறந்தது. கியோட்டோ, நாரா, காமாகுராவைச் சூழ்ந்த மலைகள் பிழைத்தன.

ஆனால் மலையைக் காப்பது வேறு, மலைக்காட்சியைக் காப்பது வேறு. மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் மலையை ஊரின் கண்ணிலிருந்து எடுத்துவிடலாம். நகர நடுவில் வரிசையாக அடுக்குமாடிகள் கட்டினால் போதும். நடந்ததும் அதுதான். மையப் பகுதியில் 45 மீட்டர் வரை கட்டலாம் என்றானது. 1980-களின் இறுதியில், பொதுவெளிக்கு இடம்விட்டால் 60 மீட்டர் வரை போகலாம் என்ற சலுகையும் வந்தது. கியோட்டோ ஹோட்டல் அந்த உயரத்துக்குக் கிளம்பியபோது பௌத்த ஆலயங்கள் போர்க்கொடி தூக்கின. அங்கே தங்குபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று பெயர்பெற்ற ஆலயங்கள் வாசலில் அறிவிப்பு வைத்தன. ஹோட்டல் 1994-இல் எழுந்தே விட்டது. கியோட்டோவின் ஆலயங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான்.

திருப்பம் 2007 செப்டம்பரில் வந்தது. மையப் பகுதியின் உச்சவரம்பு 45 மீட்டரிலிருந்து 31 மீட்டருக்கு இறங்கியது. உள்தெருக்களில் 31 மீட்டர் 15 ஆனது. கூரைமேல் விளம்பரங்களும் மின்னி மின்னி அணையும் விளக்குப் பலகைகளும் நகரம் முழுக்கத் தடைசெய்யப்பட்டன. எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஏற்பாடு, 38 காட்சிகளைத் தேர்ந்து காத்த விதி. ஹியெய் மலை தெரியும் என்ட்சூ-ஜி தோட்டம் அதில் உண்டு. ஆற்றங்கரையிலிருந்து தெரியும் தீ எழுத்தும் உண்டு. பார்ப்பவரின் கண்ணிலிருந்து மலைக்கு ஒரு கோடு இழுக்கிறார்கள். நடுவே எந்தக் கட்டடமும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. உயரத்தை மனையின் தரைமட்டத்திலிருந்து அளப்பதில்லை, கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். மேட்டில் மனை இருந்தால் மாடி குறையும். 1964-இல் கோபுரம் நுழைந்ததைப் போன்ற ஓட்டைக்கு இதில் இடமில்லை.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குடியிருப்பவர்கள். வரம்புக்கு மேல் ஏற்கெனவே நிற்கும் அடுக்குமாடியை இடித்தால் பழைய உயரத்துக்குத் திரும்பக் கட்ட முடியாது. அங்கே வீடு வாங்கியவர்களின் கோபம் நியாயமானது. வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போவதும் மறுக்க முடியாத உண்மை. அதனால்தான் 2023-இல் ரயில் நிலையத்தின் தெற்குப் பகுதி, யமாஷினா நிலையச் சுற்றுப்புறம் போன்ற இடங்களில் வரம்பு தளர்த்தப்பட்டது. வீடுகளுக்கு விளிம்பில் இடம் தேடியது சரியான முடிவே. பழைய நகரின் நடுவில் 31 மீட்டரை அப்போது தொடாமல் விட்டது அதைவிடச் சரியான முடிவு.