பாதிப் பாட்டை மட்டும் கேட்கிறோமா? ஒப்பாரியும் தலித் பெண்களின் சொல்லப்படாத வாழ்வும்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தல்லாகுளம் வந்து சேரும் எதிர்சேவை இரவில், வைகையின் வடகரை முழுவதும் பாட்டொலி நிறைந்திருக்கும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருவோர் அழகர் வர்ணிப்பைப் பாடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தெருவிலும் ஒலிபெருக்கியிலும் முழங்குவதற்கு உரிமை பெற்ற பாட்டு அது. அதே கிராமங்களின் பெண்களிடம் வேறொரு பாட்டு மரபு இருக்கிறது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி என விரியும் அம்மரபு, தொட்டிலடியிலும் சேற்று வயலிலும் இழவு வீட்டிலும் வாழ்ந்துவந்தது. மற்ற இடங்களில் வாய் திறந்து சொல்ல முடியாதவற்றைப் பெண்கள் இந்தப் பாட்டுகளில் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பாக, தலித் பெண்களின் ஒப்பாரியில் சாதியின் கொடுமையும் குடும்பத்தின் கொடுமையும் ஒருங்கே பேசப்படுகின்றன. ஆனால் நம் காதுகள் அதில் ஒரு பாதியை மட்டுமே கேட்கப் பழகியுள்ளன.

ஒப்பாரியின் அமைப்பு

இறந்தவரைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, உடல் அசைய அழுதுகொண்டே பாடுவது ஒப்பாரி. இதனைப் பிலாக்கணம் என்றும் கூறுவர். மார்பில் அடித்துக்கொண்டு பாடும் வகை மாரடிப் பாட்டு எனப்படும். பாடுபவள் இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிக்கிறாள். முதலில் பிறந்த வீட்டின் செழிப்பையும் அங்குத் தனக்கிருந்த மதிப்பையும் பாடி, பின்னர் இன்றைய நிலையை அதற்கு எதிரே நிறுத்துகிறாள். ஓரடியின் அமைப்பே சில சொற்கள் மாறி அடுத்த அடியாகத் திரும்ப வருகிறது. இந்த அமைப்பைக் கற்றவள் தன் சொந்தத் துயரை அதற்குள் எளிதாக வைத்துவிடுவாள். பாட்டின் சட்டகம் ஊருக்குப் பொதுவானது. உள்ளே இருப்பது அவளுடையது.

அழுகை என்பதால் அவளை யாரும் தடுப்பதில்லை. சாதாரண நாளில் மாமியாரைக் குறை கூறினால் சண்டை மூளும். பண்ணையாரைக் குறை கூறினால் கூலி போகும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். இழவு வீட்டில் அதையே பாட்டாகக் கூறினால், துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். இந்த மறைப்புதான் அவளுக்குப் பாதுகாப்பு.

கூலிக்கு மாரடித்தல்

மனம் ஒட்டாமல் வேலை செய்பவரைக் 'கூலிக்கு மாரடிக்கிறார்' என்று ஏளனம் செய்வது நம் பேச்சு வழக்கு. இவ்வழக்குக்குள் ஒரு சாதி வரலாறு புதைந்துள்ளது. ஆதிக்கச் சாதியினர் வீட்டுச் சாவுக்குத் தலித் ஆண்கள் பறையடிப்பதும் சாவுச் செய்தி சொல்லிச் செல்வதும், தலித் பெண்கள் சென்று மாரடித்து அழுவதும் பல ஊர்களில் கட்டாய ஊழியமாக இருந்தன. உழைப்பைக் கட்டாயப்படுத்திய சமூகமே அந்த உழைப்பில் உண்மை இல்லை என்றும் கேலி செய்தது.

ஆய்வுகள் இதற்கு மாறானதைக் காட்டுகின்றன. பறையர் பெண்களின் அழுகைப் பாட்டுகளை ஆராய்ந்த மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக்கின் கட்டுரை 1986இல் வெளிவந்தது. பாட்டின் ஓசையும் அடியமைப்பும் பாடுபவளின் வாழ்நிலையையே உருவகப்படுத்துவதை அவர் விளக்கினார். இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை என்னும் பொருளுடையது. பிறர் வீட்டுச் சாவிலும் பெண்கள் தங்கள் சொந்தத் துயரையே அழுது தீர்க்கிறார்கள் என்பதை அந்நூல் கவனப்படுத்தியது. கூலிக்கு அழச் சென்றவளும் தனக்காகவே அழுதாள்.

எனவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதிக்கச் சாதியினர் வீட்டில் அழ மறுப்பது விடுதலை. அந்த ஊழியம் ஒழிந்ததற்கு வருந்த எதுவுமில்லை. ஆனால் ஊழியத்தோடு சேர்த்துப் பாட்டையும் இழிவெனக் கருதி விட்டுவிட்டால், பெண்கள் வைத்திருந்த ஆவணம் அழிந்துபோகும். பறையில் இந்த வேறுபாட்டை இயக்கங்கள் உணர்ந்துள்ளன. சாவுக்கு அடிக்க மறுத்த கைகளே போராட்ட மேடையில் பறையை முழக்கின. மதுரைக்கு அருகே திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் இளம்பெண்களின் கைகளிலேயே பறையைக் கொடுத்தது. ஒப்பாரிக்கு அத்தகைய மறுமதிப்பு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இரண்டு முறையீடுகள்

பறையை ஏற்றுக்கொண்ட அளவுக்கு ஒப்பாரியை ஏற்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒப்பாரி பண்ணையாரோடு நின்றுவிடுவதில்லை. வரப்பில் நின்று ஏவியவரைப் பற்றிப் பாடும் அதே குரல், குடித்துவிட்டு அடித்த கணவனையும், கூலியைப் பிடுங்கிக்கொண்ட கையையும், சொத்தில் பங்கு தராத உடன்பிறந்தானையும் பாடுகிறது. முதல் முறையீட்டை மேடையில் எடுத்துக்காட்டுகிறோம். இரண்டாவதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

பாமாவின் 'சங்கதி' 1994இல் வெளிவந்தபோது இந்த மௌனத்தை உடைத்தது. பிறப்பு முதல் இறப்பு வரை பெண்களே பாட்டுக்குரியவர்களாக இருப்பதையும், நினைத்த கணத்தில் கேலியும் கோபமும் கலந்து அவர்கள் பாட்டுக் கட்டுவதையும் அந்நூல் பதிவு செய்தது. வயலில் நேரும் சீண்டலோடு வீட்டில் விழும் அடியையும் அது மறைக்கவில்லை. 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. தலித் பெண்கள் ஏன் தனித்துப் பேசுகிறார்கள் என்ற கேள்வியை கோபால் குரு அதே ஆண்டில் எழுதிய கட்டுரை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. மாநாட்டுத் தீர்மானங்களாக அப்போது எழுந்த கருத்து, இழவு வீட்டுத் திண்ணைகளில் அதற்கு முன்பே பாடப்பட்டுவந்தது.

பதிவு, பெயர், உரிமை

கொல்லங்குடி கருப்பாயி வானொலி வழியாகவும், 1985இல் வெளிவந்த 'ஆண்பாவம்' வழியாகவும் அறியப்பட்டார். மதுரையை அடுத்த பரவையின் முனியம்மாவை 2003இல் வந்த 'தூள்' தமிழகம் முழுவதும் கொண்டுசேர்த்தது. இவ்வாறு பெயர் பெற்றவர்கள் மிகச் சிலர். கல்லூரி ஆய்வேடுகளிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் பதிவான எண்ணற்ற பெண்கள் 'மூதாட்டி ஒருவர்' என்ற அளவிலேயே நிற்கிறார்கள். இயந்திர நடவு பெருகக் கூட்டாகப் பாடும் வயலும் குறைந்து வருகிறது. எஞ்சிய பாட்டுகளைப் பதிவு செய்வது அவசரப் பணிதான். ஆயினும் எப்படிப் பதிவு செய்கிறோம் என்பதும் நீதி சார்ந்த கேள்வியே.

பாட்டு மரபு பொதுவானது என்பதால் பாடுபவளுக்கு உரிமையே இல்லை என்று கருதுவது தவறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு பாடுபவரின் நிகழ்த்துகைக்கு உரிமை வழங்குகிறது. அதன் காலம் இன்று 50 ஆண்டுகள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்தியவர் என்று தம் பெயர் அறியப்படும் உரிமையையும் சேர்த்தது. எனவே அனுமதி கேட்பது பெருந்தன்மை அன்று, கடமை.

அதே வேளையில், பெயரை வெளியிடுவதே ஆபத்தாகும் பாட்டுகளும் உண்டு. கணவனையோ நிலவுடைமையாளரையோ குறித்த வரிகள் இழவு வீட்டில் பாதுகாப்பானவை. இணையத்தில் ஏறினால் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். பெயர் போடுவதா, மறைப்பதா, எந்தப் பகுதியை வெளியிடுவது என்பதைப் பாடியவரே முடிவு செய்ய வேண்டும். பதிவின் பிரதி ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். பாட்டில் வன்கொடுமை பற்றிய குறிப்பு இருந்தால், அதை வாக்குமூலமாக மாற்ற அவரை நெருக்கக் கூடாது; அவர் விரும்பினால் சட்ட உதவிக்கு வழிகாட்டலாம்.

தல்லாகுளம் வட்டாரக் கல்லூரிகளில் இன்று பயிலும் மாணவியருள் பலர், தம் குடும்பத்தில் உயர்கல்விக்கு வந்த முதல் தலைமுறையினர். பாட்டியின் ஒப்பாரியைக் கூச்சத்தோடு நினைவுகூரும் நிலையில் அவர்கள் இருக்கலாம். அந்தப் பாட்டியிடம் சென்று கேட்பதற்கு ஆய்வுத் திட்டம் எதுவும் தேவையில்லை. கேட்கும்போது, நம் அரசியலுக்கு வசதியான வரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், நம் வீட்டைக் குற்றம் சாட்டும் வரிகளையும் முழுமையாகக் கேட்க வேண்டும்.