இந்தியாவில் ஆப்பிள்: கோட்கர் தோட்டங்களும் குளிர்நேரமும்

காரைக்கால் பகுதியிலுள்ள தலத்தெருவில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். அங்கே மாவும் தென்னையும் வாழையும் செழிக்கும். வழக்கமான ஆப்பிள் வகைகள் காய்க்கமாட்டா. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் ஆப்பிள் மரத்தின் மொட்டுகள் விழிக்க, ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் கிடைக்க வேண்டும். இதைக் குளிர்நேரம் என்பர். ரெட் டெலிசியஸ் போன்ற வகைகளுக்கு இது சுமார் 1,000 மணி நேரம். தலத்தெருக் கடைகளுக்கு வரும் இந்திய ஆப்பிளின் கதை, ஆகவே, இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்தது.

காசுமீரத்தில் அம்ரி என்னும் வகை நெடுங்காலமாகவே விளைந்தது. குளு பள்ளத்தாக்கில் 1870 அளவில் கேப்டன் ஆர். சி. லீ ஆங்கிலேய வகைகளை நட்டார். அவற்றின் புளிப்பு இந்தியர் நாவுக்கு ஒத்துவரவில்லை.

திருப்பம் கோட்கரில் நேர்ந்தது. பிலடெல்பியாவில் 1882 இல் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், தொழுநோயாளர்க்குப் பணி செய்ய 1904 இல் இந்தியா வந்து, மலைப்பெண் ஒருவரை மணந்து அங்கேயே தங்கினார். 1916 இல் அமெரிக்காவிலிருந்து இனிப்பு மிகுந்த ரெட் டெலிசியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். பின்னர் அண்டை உழவர்களுக்கும் கன்றுகள் கொடுத்தார். சிறு நிலத்தில் தானியமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுவந்த குடும்பங்களுக்குக் கையில் பணம் புரளத் தொடங்கியது. அவரைத் தோட்டக்காரராக மட்டும் நினைவுகூர்வது போதாது. மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்கவைத்த 'பேகார்' முறையை எதிர்த்துப் போராடியவர் அவர். 1921 இல் ஆங்கில அரசு அவரைச் சிறையிலிட்டது. 1932 இல் இந்து சமயம் தழுவிச் சத்யானந்த் ஆனார்.

பறிப்பதிலும் கணக்கு உண்டு. நன்கு கனியும்வரை மரத்தில் விட்டால் பழம் நெடுநாள் தாங்காது. வெட்டிய பழத்தில் அயோடின் தடவினால் மாவுச்சத்துள்ள இடம் கருநீலமாகும். அந்த நிறத்தின் பரப்பைக் கொண்டு பறிக்கும் நாளை முடிவுசெய்வர். காம்பு ஒடியாமல் மேல்நோக்கித் திருகிப் பறிப்பது வழக்கம். முன்பு மரப்பெட்டிகளில் அடுக்கி அனுப்பினர். பெட்டிக்காகக் காடுகள் அழிந்ததால் அட்டைப்பெட்டி வந்தது. இன்று ஆக்சிசனைச் சில விழுக்காடாகக் குறைத்த குளிர்க்கிடங்குகளில் பழத்தின் மூச்சு மந்தமாகிறது. புரட்டாசியில் பறித்தது பங்குனியிலும் மொறுமொறுப்பாகக் கிடைப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் குறைந்த குளிர் போதுமான 'பார்லின்ஸ் பியூட்டி' என்னும் வகையைக் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கே.கே.எல். 1 என்று வெளியிட்டது. சாவகத்தின் பாத்து மலைப்பகுதியிலோ குளிருக்குக் காத்திருப்பதில்லை. அறுவடைக்குப்பின் இலைகளைக் கையால் உருவிவிட்டு மரத்தைப் பூக்கவைக்கின்றனர்.

இமாசலப் பிரதேசத்தின் பிலாசுப்பூர் மாவட்டத்தில், தாழ்வான வெப்பப் பகுதியில், அரிமன் சர்மா என்னும் உழவர் உருவாக்கிய எச்.ஆர்.எம்.என். 99 வகை சமவெளிகளிலும் காய்க்கிறது. அதற்காக 2025 இல் அவருக்குப் பத்மசிறீ அறிவிக்கப்பட்டது. அதே மாநிலத்தில், குளிர் குறைந்துவருவதால் பழைய வகைகளுக்கான தோட்டங்கள் கின்னௌர், லாகௌல்-சிபிதி என மேலும் உயரமான இடங்களுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன.