மூட்டே இல்லாமல் வளையும் பாதம்

1977 கலவரத்துக்குப் பிறகு ஹட்டனை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறியவர் என் மாமா. மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்தார். யுத்தம் முடிந்தபின் மறுபடியும் எங்கள் லயத்துக்கே வந்து சேர்ந்தார்.

முதலில் கிடைத்த பொய்க்காலின் பாதம் கட்டைபோல விறைத்திருந்தது. சமதரையில் சமாளித்தார். தேயிலை மலையின் சரிவில் குறுக்கே நடந்தால் பாதத்தின் ஒரு விளிம்பு மட்டுமே மண்ணைத் தொடும். இரண்டு தடவை விழுந்தார். அடுத்துக் கிடைத்தது ஜெய்ப்பூர் பாதம். அது சரிவுக்கு ஏற்பச் சாய்ந்து கொடுத்தது.

"இதுக்குள்ள மூட்டு எங்கடா இருக்கு?" என்று கேட்டார். தேடிப் படித்தேன். மூட்டே இல்லை.

வழக்கமான பொறிகளில் அச்சும் ஆணியும் அசைவைத் தரும். அவை தேயும், துருப்பிடிக்கும், எண்ணெய் கேட்கும். இன்னொரு வகையில், பொருளே வளைந்து அசைவைத் தருகிறது. வில்லும் சாமணமும் ஷாம்பு போத்தலின் மூடியும் அப்படித்தான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஜி.கே. அனந்தசுரேஷ் இத்துறையில் ஆய்வு செய்கிறார்.

எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று முடிவு செய்வதுதான் இதன் வடிவமைப்பு. ஒரு தகட்டின் தடிப்பைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். மிகவும் மெலிந்தால் பாரம் தாங்காது; மிகவும் தடித்தால் வளையாது.

ஜெய்ப்பூர் பாதத்தை 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கினார்கள். கணுக்காலில் பாரம் தாங்க மரக்கட்டை. குதிகாலிலும் முன்பாதத்திலும் மென்மையான நுண்துளை இறப்பர். சுற்றிலும் ரயர் நூலிழையால் வலுவூட்டிய இறப்பர் உறை. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், குந்தியிருக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனத்தின் வழியாக வடக்கில் பலருக்கு இது பழக்கமானது.

ஆனால் வளையும் பொருள் எதுவும் களைத்துப்போகும். ஒவ்வொரு அடியிலும் ஒரே இடம் மடிவதால் அங்கே மெல்லிய வெடிப்பு தொடங்கி ஆழமாகும். ஏற்ற இறக்கமான மலைப்பாதையில் மடிப்பும் அதிகம். அதனால் பாதத்தைக் கழுவும்போது விரல்களின் அடியையும் குதிகாலையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், நடக்க முடிகிறதே என்று இருந்துவிடாமல் மாற்றக் கேளுங்கள். மலையில் திடீரென ஒடிகிற பாதம் மற்றக் காலையும் முறித்துவிடலாம்.

மாமா இப்போது ஞாயிறு தோறும் வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தை வளைத்துப் பார்க்கிறார்.