குதிரைக்கு என்ன போடணும்? காயலில் இருந்து குரங்கணி வரை ஒரு தீனிக் கதை

போன மாட்டுப் பொங்கலன்று நான் ஒரு தப்பு செய்தேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

போடியில் இருந்து குரங்கணி போகும் ரோட்டில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மலைக்கு மேலே ஜீப் ஏறாத ஊர்களுக்கு அரிசி, சிமெண்ட் ஏற்றிப்போக மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறார். இறங்கும்போது காப்பி, ஏலக்காய் மூட்டை. தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் மலையேறும் போட்டோ பேப்பரில் வருமே, அந்த மாதிரிக் குதிரைகள். அன்றைக்கு மாட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சின சர்க்கரைப் பொங்கலையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஆசையாக ஒரு குதிரைக்குக் கொடுத்துவிட்டேன். அவரைக் கேட்கவில்லை.

சாயங்காலம் அது முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, உடம்பெல்லாம் வேர்த்தது. "என்ன தம்பி குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. கயிற்றைப் பிடித்து நடத்த ஆரம்பித்தார், ராத்திரி முழுக்க. விடியக்காலையில் கால்நடை டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். குதிரை பிழைத்தது. அவர் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாடு தின்றால் ஒன்றும் ஆவதில்லை, குதிரைக்கு மட்டும் ஏன்? மாட்டுக்கு அசைபோடும் பெரிய இரைப்பை. குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். வாந்தியும் எடுக்க முடியாது. நாரைச் செரிக்கும் வேலையெல்லாம் பின்னால் பெருங்குடலில் நடக்கிறது. மாவும் சர்க்கரையும் அளவுக்கு மேல் அங்கே போய்ச் சேர்ந்தால் புளித்துப்போய் வயிற்றுவலி வரும். சில சமயம் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நொண்டியாகிவிடும். தின்றது வயிறு, தண்டனை காலுக்கு.

இதைப் படித்தபோதுதான், முன்பு எடுத்து வைத்திருந்த இரண்டு பழைய குறிப்புகள் ஞாபகம் வந்தன.

முதலாவது மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலுக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்ததை எழுதியிருக்கிறார். அரசர் வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வாங்குவாராம், அவர் சகோதரர்களும் அதே அளவு. வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். இங்கே குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இல்லை, வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை வரவிடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள் என்றும் குறை சொல்கிறார்.

இரண்டாமவர் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப். குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலை என்று குறித்தவர். அவர் சொல்வது இன்னும் விவரமானது: பச்சை பார்லிக்குப் பதில் வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைப்பது. அப்புறம் பழக்காமலே ஏறிக் கண்டபடி ஓட்டுவது. கொஞ்ச நாளில் நல்ல குதிரையெல்லாம் சோர்ந்து மந்தமாகிவிடும் என்கிறார்.

இதையெல்லாம் வைத்து "தமிழனுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது" என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள், கேள்விப்பட்டதையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அதோடு, வேகவைத்துப் போடுவது என்பதே தப்பு கிடையாது. நம்ம ஊர்க் குதிரைத் தீனி கொள்ளு, தெற்கே காணம் என்பார்கள். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது பெருமளவு போய்விடும். பின்னாளில் மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர்களும் தங்கள் குதிரைகளுக்குக் கொள்ளை வேகவைத்துத்தான் போட்டார்கள். 'கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்' என்ற பழமொழி சும்மா வந்துவிடவில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே? என் கணிப்பில், அந்த நாற்பது நாளில். பாலைவனத்தில் காய்ந்த புல்லும் பார்லியும் தின்று ஓடிய குதிரை. வாரக்கணக்கில் கப்பலில் நின்று வந்து இறங்குகிறது. உடனே கட்டிப்போட்டு நெய்யும் பாலுமாக உபசாரம். நடை இல்லை, புல்லைப் பற்றி வஸ்ஸாஃப் பேசவே இல்லை. நான் ஒரு நாளில் செய்ததை அவர்கள் நாற்பது நாள் செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அன்புதான். விலை உயர்ந்த விருந்தாளிக்கு வீட்டில் உள்ளதிலேயே நல்லதைப் போடுவது நம்ம குணம். குதிரைக்கு அது ஒத்துவரவில்லை.

குரங்கணிக்காரர் கணக்கு வேறு. "புல்லுதான் தம்பி சோறு, கொள்ளு தொடுகறி" என்றார். முதலில் புல், சோளத்தட்டை. பாரம் ஏற்றும் நாளில் மட்டும் ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, தவிடு, ஒரு கை உப்பு. சும்மா நிற்கும் நாளில் கொள்ளு கிடையாது. மலையேறி இறங்கினதும் மூச்சு வாங்குவது அடங்கினபிறகுதான் தீனி. புதுத் தீனி எதுவானாலும் ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார். இன்றைய கால்நடைப் புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன: உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் காய்ந்த தீவனம், அதில் பெரும்பகுதி நார். 200 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ.

1928-ல் மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கியது. ரோப்வே இன்றைக்கு இல்லை. ஜீப் போகாத பாதையில் குதிரை மட்டும் இன்னும் ஏறுகிறது.

இந்த வருஷப் பொங்கலுக்கும் போனேன். பொங்கலை நாங்கள் சாப்பிட்டோம். குதிரைக்கு ஒரு கட்டுப் புல் வாங்கிப் போயிருந்தேன், இந்தத் தடவை கேட்டுவிட்டு. அவர் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்து, பூஞ்சை இல்லை என்று தெரிந்த பிறகுதான் போடச் சொன்னார்.