புதுச்சேரியில் பிரிந்த இரட்டை விண்மீன்

வைகாசி பிறந்ததும், இரவு ஒன்பது மணி வாக்கில் தமிழகக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு விண்மீன்கள். சிலுவையிலிருந்து தள்ளி இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. புதுச்சேரியில் அது உச்சிக்கு வந்தாலும் 17 பாகைக்கு மேல் ஏறாது. பாரிசிலும் லண்டனிலும் அது எழுவதே இல்லை.

தெற்கு வானத்தைப் பார்க்க ஐரோப்பியர் கப்பலேற வேண்டியிருந்தது. 1685இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) புறப்பட்ட பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கினார்கள். தென்சிலுவையின் அடி விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று அங்கே கண்டவர் அவர்களில் ஒருவரான ஃபொன்தெனே. அடுத்த குழு 1687இல் கிளம்பியது. அதில் ழான் ரிஷோ இருந்தார். மறு ஆண்டே சயாமில் அரசுப் புரட்சி வெடிக்க, பிரெஞ்சுக்காரர்கள் துரத்தப்பட்டார்கள். ரிஷோ ஒதுங்கிய இடம் புதுச்சேரி.

1689 டிசம்பரில் அங்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. விடிவதற்கு முன் தென்கிழக்கில் அதைத் தொடர்ந்த ரிஷோவின் தொலைநோக்கிக்குள் ஆல்ஃபா சென்டாரியும் வந்தது. வெறுங்கண்ணுக்கு ஒற்றையாகத் தெரிந்தது, அதில் இரண்டாகப் பிரிந்தது! இந்திய மண்ணில் தொலைநோக்கி தந்த முதல் வானியல் கண்டுபிடிப்பு என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அரசியல் கலகம் ஒன்று அவரை இங்கே தள்ளியிராவிட்டால் இந்தப் பெருமை வேறு ஊருக்குப் போயிருக்கும். அவ்விரு சூரியன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. நம்மிடமிருந்து அவற்றின் தூரம் 4.37 ஒளியாண்டு.

ஒரு நூற்றாண்டு கழித்து வேலை சென்னைக்கு மாறியது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூர் வீட்டில் தன் செலவில் வைத்திருந்த கருவிகளே விதை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. இன்றைய வானிலை மைய வளாகத்தில் அதைக் காணலாம். அங்கே டி. ஜி. டெய்லர் ஏறத்தாழ 11,000 விண்மீன்களை அளந்து 1844இல் அட்டவணை வெளியிட்டார்.

அந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் அவர் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி, ஒளி கூடிக் குறையும் விண்மீன். சென்னையில் அது 14 பாகை உயரத்தைத் தாண்டாது. புகையும் தூசியும் மண்டும் உயரம். அந்த அடிவானத்தில் ஒளி மாறுவதைப் பிடித்த கண்ணுக்கு, டெய்லரின் அட்டவணைக்கு நிகரான மரியாதை தரலாம் என்றே தோன்றுகிறது.

1899இல் வானாய்வு கொடைக்கானலுக்குப் போனது. அங்கே முதன்மை சூரியனுக்கு. இரவு வானம் மறுபடி தமிழகத்தில் இடம்பிடித்தது ஜவ்வாது மலையின் காவலூரில், வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது.

இவற்றை நீங்களே பார்க்க, தெற்கே மறைப்பும் விளக்கொளியும் இல்லாத இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மே நடுவில் ஒன்பது மணிக்குத் தென்சிலுவை உச்சியில் இருக்கும். ஆல்ஃபா சென்டாரி உச்சிக்கு வரப் பதினொன்றைத் தாண்டிவிடும். தென்சிலுவைக்கு மேலே இடப்புறம், சுமார் 30 பாகை உயரத்தில் மங்கிய பஞ்சுத் துணுக்காகத் தெரிவது ஒமேகா சென்டாரி: 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து வானியலாளர் ஹாலி குறித்த, ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்களின் கொத்து. ரிஷோ கண்ட இரட்டையைப் பிரித்துப் பார்க்க மூன்று அங்குலத் தொலைநோக்கி போதும்.