மூலத்துப் பெண்ணும் பால்வழியின் நடுவும்

கொங்கு நாட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி படிப்பைப் பற்றியதல்ல. "ஜாதகம் சுத்தமா இருக்குதுங்களா?" என்பதுதான். செவ்வாய், ராகு, கேது எல்லாம் பிறகு. அதற்கு முன்பே நான்கு நட்சத்திரங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு, விசாகம் தம்பிக்கு. மூலத்தில் பிறந்த ஆணுக்கு இந்தத் தடை கிடையாது. பழமொழி அவனை அரசாள வைக்கிறது, அவளை நிர்மூலம் என்கிறது.

இதன் விலையைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள். "மாமனார் இல்லாத வீடாப் பாருங்க" என்று தரகரிடம் சொல்லிவைக்கும் தகப்பன்மார் இன்றும் உண்டு. பிறந்த நேரத்தை நாலு நிமிஷம் முன்னே பின்னே தள்ளி எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கத்தில் மூலமாக இருப்பவள் திருக்கணிதத்தில் கேட்டையாகிவிடுவதும் நடக்கும். தப்பிக்கும் ஆள் மட்டும் மாறுவார்: மாமனாருக்குப் பதில் மூத்தவர். கல்யாணத்தை நடத்திவைக்க ஐயர் வேண்டாம், அருமைக்காரர் போதும் என்ற மரபு கொங்கு வேளாளரிடம் உண்டு. பெண்ணை எடைபோட மட்டும் பஞ்சாங்கம் வேண்டியிருக்கிறது.

சரி, அந்த மூலத்திலும் ஆயில்யத்திலும் அப்படி என்னதான் இருக்கிறது? ஜோதிடம் பொய் என்று வாதாடுவது என் நோக்கமல்ல. அந்த வேலையைப் பலர் செய்துவிட்டார்கள். நம்மை நிராகரிக்கப் பயன்படும் அந்த இரண்டு துண்டு வானத்தைக் கடந்த முப்பது ஆண்டுகளில் யார் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று பார்க்கலாம்.

ஜென்ம நட்சத்திரம் என்பது நாம் பிறந்த நேரத்தில் நிலா நின்ற பகுதி. வான வட்டத்தை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. கடக ராசியின் 16 பாகை 40 கலையில் தொடங்கி ராசி முடியும் வரை ஆயில்யம். அங்கே பாம்பின் தலை போல வளைந்த ஒரு சிறு மீன்கூட்டம் தெரியும். அதற்கு வடக்கே, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத் தூரத்தில், எம் 67 என்ற விண்மீன் கொத்து இருக்கிறது. திருக்கணிதப்படி அதன் இடம் கடகத்தில் சுமார் 18 பாகை. ஆயில்யமேதான். வயது ஏறக்குறைய 400 கோடி ஆண்டு. நம் சூரியனுக்குக் கிட்டத்தட்ட சமவயது.

ஒரு கொத்தில் உள்ள மீன்கள் ஒரே காலத்தில் பிறந்தவை. பெரிய மீன்கள் சூடாக, நீலமாக எரிந்து சீக்கிரம் முடிந்துவிடும். சிறியவை நிதானமாக நின்று எரியும். ஆகவே வயதான கொத்தில் நீல மீன் இருக்கக் கூடாது. இருக்கிறதே என்று ஆலன் சாண்டேஜ் 1953இல் வேறொரு கொத்தில் கண்டு காட்டினார். 'ப்ளூ ஸ்ட்ராக்லர்' என்று பெயர் வந்தது; கூட்டம் போன பிறகும் பின்தங்கி நிற்பவை. பக்கத்து மீனிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு இளமையாகிவிட்டவையா, இரண்டு மீன்கள் மோதி ஒன்றானவையா என்பது நெடுநாள் கேள்வி. வாங்கியிருந்தால் கொடுத்த மீன் அருகிலேயே உள்ளீடு மட்டும் எஞ்சி, வெண்குறுமீனாகக் கிடக்க வேண்டும். சாதாரண ஒளியில் அது தெரியாது. வாங்கிய மீனின் வெளிச்சம் அதை மூடிவிடும். புற ஊதாக் கதிரில் மட்டும் சூடான அந்தச் சிறு மீன் தன்னைக் காட்டும். ஆனால் அந்தக் கதிரின் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், தொலைநோக்கியை வளிமண்டலத்துக்கு வெளியே கொண்டுபோயாக வேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அஸ்ட்ரோசாட் போனது. விண்வெளியிலிருந்து விண்மீன்களை ஆராய்வதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் ஆய்வுக்கூடம். அதில் இருந்த புற ஊதாத் தொலைநோக்கியை யூவிட் என்கிறார்கள்: ஒவ்வொன்றும் சுமார் 38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி. அதைத் தரப்படுத்தும் பொறுப்பில் இருந்தவர் அன்னபூரணி சுப்பிரமணியம். நமக்கு அயலூர்க்காரர் அல்ல. கணவாய் தாண்டினால் பாலக்காடு, அங்கே விக்டோரியா கல்லூரியில் படித்தவர். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் விண்மீன் கொத்துகளைப் பற்றி முனைவர் பட்டம் பெற்று, 2019இல் அதே நிறுவனத்தின் இயக்குநரானார். அந்தப் பதவியில் முதல் பெண்.

யூவிட் தொடக்கத்திலேயே பார்த்தவற்றில் ஒன்று என்.ஜி.சி. 188 என்ற முதிய கொத்து. அங்கே ஒரு நீல மீனுக்கு ஏறக்குறைய 17,000 கெல்வின் வெப்பமுள்ள துணை இருப்பதை அவர் குழு 2016இல் அறிவித்தது. பிறகு எம் 67. அங்கே ஒரு நீல மீனின் அருகே சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு எடையே உள்ள வெண்குறுமீன் இருப்பதை, ஆய்வு மாணவி ஒருவரை முதல் ஆசிரியராகக் கொண்ட 2019 கட்டுரை காட்டியது. இவ்வளவு இலேசான வெண்குறுமீன் தனியாக உருவாகப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. தன் பொருளைக் கொடுத்ததால்தான் அது அப்படி ஆகியிருக்க முடியும். வாங்கிய மீனை இங்கிலீஷ் பத்திரிகைகள் 'வாம்பயர்' என்று எழுதுகின்றன. கொடுத்த மீனுக்கு அப்படி ஒரு பட்டப்பெயரும் இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

வெண்குறுமீன் என்றதும் சுப்பிரமணியன் சந்திரசேகர் வருவார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் வெண்குறுமீன் தாங்காது என்று 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது கணக்குப் போட்டவர். 1983இல் நோபல் பெற்றவர். அவர் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்காது. தாய் சீதாலட்சுமி, கதவைச் சாத்திவிட்டு வீட்டைவிட்டுப் போகும் நோரா இருக்கிறாளே, அந்த இப்சன் நாடகத்தைத் தமிழாக்கியவர். மனைவி லலிதா சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். லலிதாவின் பெரியம்மா சிஸ்டர் சுப்புலட்சுமி: பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே விதவை, 1911இல் பட்டதாரி, 1912இல் சென்னையில் பால்ய விதவைகளுக்கு விடுதி. அந்த விடுதிக்கு வந்த சிறுமிகளுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் செய்திருப்பார்கள்.

லலிதா 1936இல் திருமணமாகிச் சந்திரசேகருடன் போனார். இயற்பியலை விட்டார். 2013இல் 102 வயதில் இறக்கும்வரை நோபல் விஞ்ஞானியின் மனைவியாகவே அறியப்பட்டார். அவர் விருப்பத்தோடுதான் விட்டார் என்று சொல்லலாம். அந்த விருப்பம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே ஏன் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

சந்திரசேகர் பெயரில் 'சந்திரா' எக்ஸ் கதிர் தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா ஓடத்தில் போனது. ஓடத்தின் தளபதி ஐலீன் காலின்ஸ். ஓடப் பயணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். அடுத்த ஆண்டு, 2000 அக்டோபரில், சந்திரா நம் பால்வழியின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே சில மணி நேரத்துக்கு எக்ஸ் கதிர் பலமடங்கு பெருகி அடங்கியது. அங்குள்ள கருந்துளைக்கு அருகே ஏதோ பொருள் பற்றி எரிந்திருக்கிறது.

அந்த நடு எங்கே இருக்கிறது? தனுசு ராசியில் சுமார் 3 பாகை. மூலம் தனுசின் முதல் 13 பாகை 20 கலை. மாமனாருக்கு ஆகாத நட்சத்திரத்தின் திசையில்தான், சுமார் 27,000 ஒளியாண்டு தள்ளி, நாற்பது லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளையைச் சுற்றி நம் பால்வழி முழுவதும் சுழல்கிறது. அது கருந்துளைதான் என்று எடையிட்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரியா கெஸ். 1995 முதல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில், அகச்சிவப்புக் கதிரில், நடுவைச் சுற்றும் மீன்களை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்ந்தார். அவற்றில் ஒன்று பதினாறு ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் வேகத்திலிருந்து நடுவில் உள்ளதன் எடை கிடைத்தது. 2020இல் அவருக்கும் ரைன்ஹார்ட் கென்சலுக்கும் பரிசின் ஒரு பாதி. மற்றப் பாதி ரோஜர் பென்ரோஸுக்கு. இயற்பியல் நோபலின் வரலாற்றில் கெஸ் நான்காவது பெண். 1901இலிருந்து 2020 வரை எண்ணி, நாலே பேர்.

கோவை தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்த வளர்மதி 2012இல் ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தார். அது வானத்தைப் பார்க்கும் கோள் அல்ல, பூமியைப் பார்ப்பது. ஆனாலும் அந்தக் கல்லூரி வாசலைத் தினமும் கடக்கிற மாணவிகளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

வைகாசி நள்ளிரவில் மேகம் இல்லாவிட்டால் மொட்டைமாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கு தெரியும், அதுதான் மூலம். கொடுக்குக்குச் சற்று இடப்பக்கம், வெள்ளைப்புகை அடர்ந்த இடம் பால்வழியின் நடு. கோவையில் அது அடிவானத்திலிருந்து 50 பாகை வரை ஏறும். கெஸ் பார்க்கும் ஹவாய் மலையில் 41 பாகைதான்.