ஹெரால்டு கார்: இல்லப் பணிமனையில் சீரமைப்பும் மாற்றியமைப்பும்

ஹெரால்டு என்பது இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் நிறுவனம் 1959 முதல் 1971 வரை தயாரித்த சிறிய கார். இதன் இந்திய வடிவத்தை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில் இருந்த தன் ஆலையில் 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. பழைய கார்களை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்வோர் இந்தக் காரைச் சிறப்பாக விரும்புகின்றனர். அடிச்சட்டமும் உடற்கூடும் தனித்தனியே செய்யப்பட்டுப் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், பெரிய ஆலைக்கருவிகள் இல்லாத ஒருவரும் இதை முழுமையாகப் பிரித்துத் திரும்பப் பூட்ட முடிவதே அதற்கு அடிப்படைக் காரணமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

1950களில் ஐரோப்பியச் சிறிய கார்கள் பெரும்பாலும் ஒற்றைக்கூட்டு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒற்றைக்கூடு என்பது தனி அடிச்சட்டம் இன்றி, தரைத்தகடு, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே பாரத்தைத் தாங்கும் அமைப்பாகும். ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் எயிட், டென் கார்களும் இம்முறையிலேயே அமைந்தன. ஆனால் அந்நிறுவனத்துக்கு உடற்கூடுகளை வழங்கிவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டதால், புதிய காருக்கான முழுக்கூட்டை ஒரே இடத்தில் தகட்டை அழுத்தி உருவாக்கித் தரும் ஆலை ஸ்டாண்டர்டுக்குக் கிடைக்காமற்போயிற்று. எனவே தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் வழிகாட்டலில், தனி அடிச்சட்டமும், வெவ்வேறு ஆலைகளில் செய்து கொண்டுவந்து பூட்டத்தக்க உடற்பகுதிகளும் கொண்ட பழைய முறைக்கே நிறுவனம் திரும்பியது.

வளர்ச்சிக் கட்டத்தில் ‘ஸோபோ’ என்ற குறிப்பெயரால் அழைக்கப்பட்ட இக்காரின் தோற்றத்தை இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். கூர்மையான விளிம்புகளும், அகன்ற கண்ணாடிகளும், நாற்புறமும் தடையற்ற பார்வையும் அவர் தந்த வடிவத்தின் சிறப்புகள். 1959 ஏப்ரல் 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கார் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் இதன் எஞ்சின் 948 கன செ.மீ. கொள்ளளவு கொண்டிருந்தது, 1961இல் அது 1147 ஆகவும், 1967இல் வெளிவந்த 13/60 வகையில் 1296 ஆகவும் உயர்ந்தது. ஒரே அடிச்சட்டத்தின்மேல் இருகதவுக் கார், கூப்பே, திறந்த கூரைக் கார், எஸ்டேட், சரக்கு வேன் எனப் பல உடல்களைப் பூட்ட முடிந்ததால், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் வெளிவந்தன. ஆறு சிலிண்டர் கொண்ட விட்டெஸ், இருவர் அமரும் ஸ்பிட்ஃபயர் ஆகியனவும் 1962இல் இதே குடும்பத்தில் தோன்றின. இந்த உறவே பிற்கால மாற்றியமைப்புக் கலைக்கு உதிரிப்பாகக் களஞ்சியமாக அமைந்தது.

சென்னை ஹெரால்டு மார்க் 1, 2, 3 என்று மூன்று கட்டங்களாக வெளிவந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் நான்கு கதவுகளுடன் விற்பனையில் இருந்தமையால், 1960களின் இறுதியில் ஹெரால்டுக்கும் நான்கு கதவுகள் அமைக்கப்பட்டன. இங்கிலாந்தில் இத்தகைய வடிவம் தயாரிக்கப்படவில்லை. அங்கு எஞ்சின் இருமுறை பெரிதாக்கப்பட்டபோதும் இங்கு 948 கன செ.மீ. எஞ்சினே நீடித்தது. 1970களின் தொடக்கத்தில் இதன் வழித்தோன்றலாக வந்த ‘கெஸல்’ காரில், பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் தொங்கல் (சஸ்பென்ஷன்) முறை கைவிடப்பட்டு, இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இணைக்கும் வழக்கமான முறை கையாளப்பட்டது. இந்தியச் சாலைகளுக்கு அதுவே பொருத்தமானதாக இருந்தது.

அமைப்பு

அடிச்சட்டம், பட்டறை வழக்கில் சேசிஸ், காரின் நடுவே நெருங்கி ஓடும் இரு பெட்டி வடிவ இரும்பு உத்தரங்களையும், அவற்றிலிருந்து இருபுறமும் நீண்டு உடற்கூட்டைத் தாங்கும் கைகளையும் உடையது. உடற்கூடானது பானட், முன்தொட்டி, பின்தொட்டி, கூரை என்னும் நான்கு பெரும்பகுதிகளாகப் பிரியும். பானட் மட்கார்டுகளுடன் ஒரே தொகுதியாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், எஞ்சினும் முன்சக்கரத் தொங்கலும் முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் வந்துவிடுகின்றன. கதவுக்குக் கீழுள்ள சில் பலகைகூடப் போல்ட்டால் பூட்டப்பட்டதே. அது பாரம் தாங்குவதில்லை. கியர்பெட்டியை, அதன் மேல்மூடியைக் கழற்றிப் பயணியர் அறை வழியாகவே வெளியே எடுக்கலாம். சுமார் 7.6 மீட்டர் விட்டத்திற்குள் காரைத் திருப்ப முடிவது, ஓட்டுநர்கள் இன்றும் பாராட்டும் இயல்பாகும்.

பின்புறத்தில் ஊசலச்சு முறை உள்ளது. ஒவ்வொரு பின்சக்கரமும் வேற்றியக்கிப் பெட்டியின் (டிஃபரன்ஷியல்) அருகிலுள்ள ஒரே மூட்டில் ஊசலைப்போல மேலும் கீழும் அசைய, குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை வில் இரு சக்கரங்களையும் தாங்குகிறது. வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் உள்நோக்கி மடிந்து பிடிப்பை இழக்கக்கூடும் என்பது இம்முறையின் குறை. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில், வில்லின் பட்டைகளுள் பெரும்பாலானவை நடுவில் ஊசலாடுமாறு அமைக்கப்பட்டு இக்குறை பெருமளவு நீக்கப்பட்டது.

பணிகளின் வகைப்பாடு

இல்லப் பணிமனையில் நடைபெறும் வேலைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது பாதுகாத்தல்: ஆலையிலிருந்து வந்த பெயிண்டையும் இருக்கைத் துணியையும் இயன்றவரை மாற்றாமல், துருவைத் தடுத்து, ஓடும் நிலையில் வைத்திருப்பது. இரண்டாவது சீரமைத்தல்: முழுவதும் பிரித்து, பழுதானவற்றை அதே அளவிலும் வடிவிலும் புதுப்பிப்பது. மூன்றாவது மாற்றியமைத்தல்: தோற்றத்தைக் காத்து, பிரேக், எஞ்சின், மின்னமைப்பு ஆகியவற்றை மேம்படுத்துவது. நான்காவது மறுவுருவாக்கம்: அடிச்சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு உடலை ஏற்றுவது. ‘மிட்ஜ்’ என்ற காரின் வரைபடம் போன்றவற்றைக் கொண்டு, ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் இங்கிலாந்தில் பலர் இவ்வாறு கார் செய்தனர். இவற்றுள் இரண்டாவதே முதன்மையானது. ஏனைய மூன்றும் அதனைச் சார்ந்தே மதிப்புப் பெறுகின்றன.

சீரமைப்பு முறை

வேலையின் முதற்படி துருவின் எல்லையை அறிதல். அடிச்சட்டத்தின் கைகள், பக்க உத்தரங்கள், கால்வைக்கும் தரை, பின்சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி ஆகியவை முதலில் அரிக்கப்படும். முன்பு பட்டி பூசி மறைத்த இடங்களைக் காந்தம் வைத்துப் பார்த்தால், பட்டியின் தடிப்புக்கேற்பக் காந்தத்தின் பிடிப்புக் குறைவது புலப்படும். உடற்கூட்டைத் தூக்குமுன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே கோண இரும்பைப் பூட்டிவிட வேண்டும். இல்லையெனில் தொட்டிகள் வளைந்து, திரும்பப் பூட்டும்போது கதவுகள் பொருந்தாமற்போகும். அரிக்கப்பட்ட கைகளை ஒரே வேளையில் வெட்டி நீக்காமல், ஒவ்வொன்றாக மாற்றிப் பற்றவைத்து, மூலைவிட்ட அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டே செல்வது சட்டம் கோணாமல் காக்கும்.

எஞ்சினில் தனிக்கவனம் வேண்டுவது, கிராங்க் தண்டு முன்பின் நகர்வதைத் தடுக்கும் பிறைவடிவத் தடுப்பு வாஷர்கள். நகர்வு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம். கிளட்சை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் முன்புறப் புல்லியைக் கவனித்தால், தேய்மானம் மிகுந்த எஞ்சினில் அந்நகர்வு கண்ணுக்கே தெரியும். வாஷர் முற்றிலும் தேய்ந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்தபின்னும் ஓட்டினால் தண்டும் எஞ்சின் கட்டையும் ஒருங்கே கெடும். சிலிண்டருக்குப் போர் அடித்தல், கிராங்க் தண்டைச் சாணைபிடித்தல் ஆகியவை லேத் பட்டறையில் செய்யவேண்டியவை. மற்றவை வீட்டிலேயே இயலும்.

முன்சக்கரத் தொங்கலின் கீழ்மூட்டு ‘ட்ரன்னியன்’ எனப்படும். செங்குத்துத் தண்டின் மரையிட்ட அடிமுனை இந்தப் பித்தளைத் துண்டுக்குள் சுழன்றே சக்கரம் திரும்புகிறது. இதற்குக் கிரீஸ் ஏற்றலாகாது. தடித்த கியர் எண்ணெயே இட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை செல்லாமல் உறைய, நீர் புகுந்து துருவேறி, தண்டு ஓட்டத்திலேயே முறியக்கூடும். இடப்புற, வலப்புறத் துண்டுகளின் மரைகள் வேறுபட்டவை என்பதால் அவற்றை மாற்றிப் பூட்டுவதும் தவறாகும்.

மாற்றியமைப்பு

வேகத்தைக் கூட்டுமுன் நிறுத்தும் ஆற்றலைக் கூட்டுவது இக்கலையின் முதல் விதி. முன்சக்கர டிரம் பிரேக்குகளுக்கு மாறாக ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக்குகளையும், ஒரு குழாய் கசிந்தாலும் மற்றொன்று வேலைசெய்யும் இரட்டைச்சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் பூட்டுவது வழக்கம். 948 எஞ்சினின் இடத்தில் 1296 அல்லது ஸ்பிட்ஃபயர் 1500இன் 1493 கன செ.மீ. எஞ்சின் சிறிய மாறுதல்களுடன் அமர்ந்துவிடும். முந்தைய எஞ்சின்களின் பிஸ்டன் வீச்சு 76 மி.மீ.; 1493இல் அது 87.5 மி.மீ. ஆக நீண்டுள்ளதால், இழுவிசை மிகுந்தாலும் உயர்சுழற்சியில் தாங்குதிறன் குறைகிறது. ஆகவே 1296 எஞ்சினே சிறந்த தேர்வு. பாயின்ட்டுக்கு மாறாக மின்னணுப் பற்றவைப்பு, டைனமோவுக்கு மாறாக ஆல்டர்னேட்டர், பின்புறத்தில் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரின் ஊசல்வில் ஆகியவை பிற பயனுள்ள மாற்றங்கள். ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்ப வால்வு அமரும் வளையங்களைக் கடினமானவையாக மாற்றுவதும் இவற்றோடு சேர்த்துச் செய்யப்படுகிறது.

இன்றைய நிலை

இங்கிலாந்தில் 1977இல் தோன்றிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இக்குடும்பக் கார்களின் உரிமையாளர்களை ஒன்றிணைக்கிறது. இந்தியாவில் இயந்திரப் பாகங்கள் கிடைத்தாலும், நான்கு கதவு வகையின் உடற்தகடுகளைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் தேடியோ, டிங்கர்களைக் கொண்டு கையால் அடித்தோ பெறவேண்டியுள்ளது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, சேசிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் பெறாத கார்கள் பழமைச்சிறப்பு வாகனங்களாகப் பதிவு பெறலாம்.